தெருநாய்க்கு ஆபரேஷன் இலவசம்... வீட்டு நாய்க்கு யார் காசு? கருத்தடைக்கு அரசு பணம் தர வேண்டுமா? - எளிய விளக்கம்

மார்க்கெட் ஓரம், கோயில் வாசல், கறிக்கடைக்குப் பின்பக்கம். காலையில் கடை திறக்க வருபவர்கள் கண்ணில் ஒரு அட்டைப்பெட்டி படும். உள்ளே கண் திறந்தும் திறக்காமலும் நாலைந்து நாய்க்குட்டிகள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்தப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகளாகத்தான் இருக்கும். கடுவன் குட்டி என்றால் கேட்டு வாங்கிப் போக ஆள் உண்டு. "பெட்டையா? வேணாம்ப்பா, வருஷா வருஷம் குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்" என்பதுதான் வழக்கமான பதில். அப்படித் தெருவுக்கு வந்த பெட்டைக் குட்டி பிழைத்துக்கொண்டால், ஒரு வருஷத்துக்குள் அதுவே குட்டி போடும்.

தெருநாய்ப் பிரச்னை என்றதும் எல்லோரும் தெருவைத்தான் பார்க்கிறோம். மாநகராட்சி வண்டி வந்ததா, நாயைப் பிடித்தார்களா, ஆபரேஷன் செய்தார்களா என்று கேட்கிறோம். அந்த அட்டைப்பெட்டி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டு நாய்க்கு நேரத்தோடு கருத்தடை செய்திருந்தால் பெட்டியே வந்திருக்காது. ஏன் செய்யவில்லை? பல வீடுகளில் பதில் ஒன்றுதான்: காசு இல்லை.

அப்படியானால் அந்தக் காசை அரசு கொடுக்கலாமா? கொடுத்தால் யாருக்கு, எங்கிருந்து எடுத்து? இதை ஏற்கனவே செய்து பார்த்த ஊர்களில் என்ன நடந்தது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கருத்தடை ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

பெண் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றுவார்கள். ஆண் நாய்க்கு விதைகளை அகற்றுவார்கள். ஆண் நாய்க்கான ஆபரேஷன் எளிது, சீக்கிரம் முடிந்துவிடும். பெண் நாய்க்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால் நேரமும் செலவும் அதிகம். பூனைக்கும் இதே முறைதான்.

ஆபரேஷன் முடிந்து சில நாள் புண் ஆறும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். தையலை நக்கிப் பிரித்துவிடாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாதிரி பிளாஸ்டிக் மாட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

குட்டி போடாது என்பதைத் தாண்டி, நாயின் உடம்புக்கும் இதில் நன்மை உண்டு. வயதான பெண் நாய்களுக்கு கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும் நோய் வரும். கருப்பையே இல்லை என்றால் அந்த நோய்க்கு வாய்ப்பில்லை. சிறு வயதிலேயே ஆபரேஷன் செய்தால் மடியில் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. நம் ஊர் நாய்களிடம் பரவலாகப் பார்க்கும், இணைசேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் கட்டி நோயும் குறையும்.

"ஒரு தடவை குட்டி போட்டாதான் நாய்க்கு நல்லது" என்று பல வீடுகளில் சொல்வார்கள். இதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. "ஆபரேஷன் பண்ணா வீட்டைக் காவல் காக்காது" என்பதும் அப்படித்தான். புதிய ஆளைப் பார்த்துக் குரைக்கும் குணம் கருப்பையில் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சில நாய்களுக்கு எடை கூடும் என்பது மட்டும் உண்மை. சாப்பாட்டு அளவைக் கவனித்துக்கொண்டால் போதும்.

ஒரு நாய், ஆறு வருஷத்தில் 67 ஆயிரம் நாயா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கணக்கு இது. ஒரு ஜோடி நாயும் அவற்றின் வாரிசுகளும் ஆறு வருஷத்தில் 67 ஆயிரமாகப் பெருகும் என்று சொல்கிறது. காகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் அப்படி ஓர் எண் வரலாம். நிஜத்தில் வராது. ஏனென்றால், தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை முதல் வருஷத்தைத் தாண்டுவதே இல்லை. வண்டியில் அடிபடும், பார்வோ மாதிரி நோய் வரும், மழையில் சாகும்.

உண்மையான கணக்கே பயமுறுத்தப் போதும். பெண் நாய் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். பெரும்பாலான நாய்கள் வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரு ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு பெட்டை நாயால் வருஷத்துக்குப் பத்து குட்டி வரை போட முடியும். அதில் இரண்டே இரண்டு பிழைத்தாலும் அந்தத் தெருவில் நாய்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால்தான், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமென்றால் பெண் நாய்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். ஒரு தெருவில் பத்து கடுவனில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்தாலும், மிச்சமிருக்கும் ஒன்றே அத்தனை பெட்டைகளுக்கும் போதும்.

இப்போது யார் பணம் கொடுக்கிறார்கள்?

இந்தியாவில் இதற்கான சட்ட அடிப்படை, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 2001-ல் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. 'ஏபிசி விதிகள்' என்று செய்திகளில் சொல்வது இவற்றைத்தான்.

விதி சொல்வது இதுதான்: தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டு இருக்கும். இதைச் செய்யும் பொறுப்பு மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என அந்தந்த உள்ளாட்சி அமைப்புடையது. அவை நேரடியாகவோ, விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்கள் மூலமாகவோ செய்யலாம்.

மத்திய அரசின் பங்கும் உண்டு. திருத்தப்பட்ட திட்டத்தின்படி ஒரு நாய்க்கு 800 ரூபாய், ஒரு பூனைக்கு 600 ரூபாய் நிதியுதவி. அரசு கால்நடை மருத்துவமனைகளில் ஆபரேஷன் தியேட்டர், நாய்க் கூண்டுகள், ஆபரேஷனுக்குப் பிறகு வைத்துப் பராமரிக்கும் அறை கட்டுவதற்கு ஒரு முறை மானியமாக 2 கோடி ரூபாய் வரை கிடைக்கும்.

இந்தத் திட்டத்துக்கே சென்னையோடு பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் மாநகராட்சிக்குத் தெரிந்த ஒரே வழி, நாய்களைப் பிடித்துக் கொல்வது. எத்தனை கொன்றாலும் நாய்கள் குறையவில்லை. சென்னையைச் சேர்ந்த புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே கருத்தடையை மாற்று வழியாக முன்வைத்தது. அதை மாநகராட்சி ஏற்றுச் செயல்படுத்த 1990-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடு முழுவதற்குமான விதி 2001-ல்தான் வந்தது.

2025-ல் இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி மற்றும் சுற்றுவட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உத்தரவிட்டது. நாடு முழுக்க விவாதம் வெடித்தது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அதே இடத்தில் விடலாம், ரேபிஸ் பாதித்த, ஆக்ரோஷமான நாய்களை மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் இருந்து நாய்களை அகற்றவும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

விவாதம் எத்தனை பக்கம் திரும்பினாலும் ஒன்று மாறவில்லை. பேச்சு முழுக்கத் தெருநாய் பற்றியது. வீட்டு நாயின் கருத்தடை அதில் வரவே இல்லை.

சென்னையின் கணக்கு என்ன?

2018-ல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 57 ஆயிரம் தெருநாய்கள். 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.81 லட்சம். இவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை சுமார் 27 சதவீதம் மட்டுமே.

ரேபிஸைத் தடுக்க ஒரு பகுதியில் உள்ள நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட அளவுகோல். கருத்தடைக்கும் அதே 70 சதவீதத்தை இலக்காக வைத்துப் பார்ப்போம். 27-லிருந்து 70-க்குப் போக இன்னும் சுமார் 78 ஆயிரம் நாய்களுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். மத்திய அரசின் 800 ரூபாய் கணக்கில் பார்த்தாலே இது 6 கோடி ரூபாயைத் தாண்டும். புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி போன்ற இடங்களில் உள்ள இனக்கட்டுப்பாட்டு மையங்களை நடத்தும் செலவு, கட்டடம், சம்பளம் எல்லாம் தனி.

இதில் ஒரு சிக்கல். இந்த 78 ஆயிரம் ஒரே இடத்தில் நிற்கும் எண் இல்லை. மையத்தில் ஒரு பக்கம் ஆபரேஷன் நடக்கும்போது, இன்னொரு பக்கம் தெருவிலும் வீட்டிலும் புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதைதான்.

வீட்டு நாய் எங்கே விடுபடுகிறது?

2023 விதிகள், வீட்டில் வளர்க்கும் நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் அதன் உரிமையாளரே பொறுப்பு என்கின்றன. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. என் நாய், என் பொறுப்பு.

ஆனால் நம் ஊரில் 'வீட்டு நாய்', 'தெருநாய்' என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அபார்ட்மென்ட்டில் ஏசி அறையில் இருக்கும் லேப்ரடாரும் வீட்டு நாய்தான். குடிசை வாசலில் கட்டாமல் கிடக்கும் நாட்டு நாயும் வீட்டு நாய்தான். பின்னதுக்குப் பேர் வைத்திருப்பார்கள், மிச்சச் சோறு போடுவார்கள், பிள்ளைகள் கொஞ்சுவார்கள். பகலெல்லாம் அது தெருவில்தான் சுற்றும். பருவத்துக்கு வந்தால் தெருக் கடுவன்கள் வாசலில் வரிசை கட்டும். குட்டி போட்டால் அந்தக் குட்டிகள் எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தனியார் கிளினிக்கில் ஒரு பெட்டை நாய்க்கு ஆபரேஷன் செய்யப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ரத்தப் பரிசோதனை, மருந்து, போக வர ஆட்டோ எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஒரு மாச அரிசி, மளிகைக் காசு. 'நாய்க்கு ஆபரேஷனா?' என்று அந்த வீட்டில் கேட்டால் அதில் கொடுமை எதுவும் இல்லை.

ஆக, விளைவு விநோதமாக இருக்கிறது. அதே நாய், வீட்டில் இருக்கும் வரை அதன் கருத்தடைக்குப் பொதுப் பணம் வராது. அதன் குட்டிகளைத் தெருவில் விட்டால், அந்தக் குட்டி ஒவ்வொன்றுக்கும் பொதுப் பணம் வரும்.

'நாய் வளர்க்கிறவன் கட்டட்டும்... நான் ஏன் வரி கொடுக்கணும்?'

நியாயமான கேள்வி. நாயே வளர்க்காத ஒருவர், அதுவும் நாயைக் கண்டாலே பயப்படுகிற ஒருவர், அடுத்தவர் வீட்டு நாய்க்கு ஏன் காசு தர வேண்டும்?

பதில்: அவர் ஏற்கனவே தந்துகொண்டுதான் இருக்கிறார். 2024-ல் தமிழ்நாட்டில் மட்டும் நாய்க்கடிச் சம்பவங்கள் சுமார் 4.8 லட்சம். அந்த ஆண்டு ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என நாலு தடவை போட வேண்டும். ஆழமான கடி என்றால் விலை அதிகமான இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். எல்லாமே வரிப்பணம். வேலையை விட்டு நாலு நாள் ஆஸ்பத்திரிக்கு அலைவதில் போகும் கூலி, அவரவர் கைக்காசு.

இரண்டாவது கணக்கும் முக்கியம். ஒரு தெருநாய்க்குக் கருத்தடை செய்ய முதலில் அதைப் பிடிக்க வேண்டும். அதற்கு வண்டி, டிரைவர், பயிற்சி பெற்ற ஆட்கள், வலை. பிறகு பல நாள் கூண்டில் வைத்துச் சாப்பாடு போட்டு, புண் ஆறியதும் அதே இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டு நாய்க்கு இதில் எதுவும் தேவையில்லை. உரிமையாளரே சங்கிலியில் பிடித்துக் கூட்டி வருவார். ஆபரேஷன் முடிந்ததும் கூட்டிப் போய் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார். அரசுக்கு ஆவது ஆபரேஷன் செலவு மட்டும்தான். அந்த நாய் போடப்போகும் குட்டிகளைப் பின்னாளில் தெருவில் துரத்திப் பிடிப்பதைவிட இது மலிவு.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் 1970-களில் காப்பகங்களில் வருஷத்துக்கு ஒரு கோடிக்கும் அதிகமான நாய், பூனைகளை ஊசி போட்டோ வேறு வழியிலோ கொன்றுகொண்டிருந்தார்கள். வைத்துப் பார்த்துக்கொள்ள இடம் இல்லை, எடுத்துப் போக ஆள் இல்லை. சமீபத்திய மதிப்பீடுகளில் அந்த எண் 10 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. தத்தெடுப்பு கூடியது, சட்டங்கள் மாறின எனப் பல காரணங்கள். அதில் முக்கியமான ஒன்று, குறைந்த செலவில் கருத்தடை பரவலாகக் கிடைத்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ்: 1971-ல் இந்த நகர நிர்வாகம், வளர்ப்பு நாய், பூனைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்யும் கிளினிக்கைத் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு நகர நிர்வாகம் நடத்திய முதல் கிளினிக் அதுதான்.

நியூ ஹாம்ப்ஷயர்: அமெரிக்காவின் இந்தச் சின்ன மாநிலம் 1994-ல் தொடங்கிய திட்டம்தான் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது. நாய் உரிமத்துக்குக் கட்டும் பணத்தோடு கூடுதலாக 2 டாலர் வாங்கினார்கள். அந்தப் பணம் அரசின் பொதுக் கஜானாவில் கரையாமல் தனி நிதிக்குப் போனது. அரசு உதவி பெறும் ஏழைக் குடும்பங்கள், காப்பகத்திலிருந்து தத்தெடுப்பவர்கள் ஆகியோரின் நாய், பூனைகளுக்கு அந்த நிதியிலிருந்து கருத்தடை. குடும்பம் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். மீதியை நிதி பார்த்துக்கொள்ளும். ஆபரேஷன் செய்வது ஊரில் ஏற்கனவே இருக்கும் தனியார் மருத்துவர்கள், அதுவும் தள்ளுபடிக் கட்டணத்தில். அடுத்த சில ஆண்டுகளிலேயே காப்பகங்களில் கொல்லப்படும் விலங்குகளின் எண்ணிக்கை மளமளவெனச் சரிந்தது.

மேரிலாண்ட்: இங்கே வேறு வழி. 2013-ல் சட்டம் போட்டு, செல்லப்பிராணி உணவு விற்கும் நிறுவனங்களிடமிருந்து ஒவ்வொரு பொருளின் பதிவுக்கும் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். அந்தப் பணம் உள்ளாட்சிகளுக்கும் விலங்குநல அமைப்புகளுக்கும் கருத்தடை மானியமாகப் போகிறது. நாய் உணவுச் சந்தையில் சம்பாதிப்பவர்கள், நாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தவும் ஒரு பங்கு தரட்டும் என்பது லாஜிக்.

டெக்சஸ்: வண்டிக்குச் சிறப்பு நம்பர் பிளேட் வாங்கினால், அந்தக் கூடுதல் கட்டணத்தின் பெரும்பகுதி கருத்தடை நிதிக்குப் போகும். விருப்பப்பட்டவர் மட்டும் தருவதால் யாருக்கும் முணுமுணுப்பு இல்லை.

பூட்டான்: நமக்குப் பக்கத்து நாடு. 2009-ல் பெரிய அளவில் தொடங்கிய வேலை, பிறகு அரசின் முழு வேகத் திட்டமாக மாறியது. 2023 அக்டோபரில், நாட்டின் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மொத்தம் 1.5 லட்சத்துக்கும் அதிகமான நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும். அதோடு நிற்காமல் சுமார் 32 ஆயிரம் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பும் பொருத்தினார்கள். யார் வீட்டு நாய் என்று தெரிந்தால்தான், நாளை அது தெருவுக்கு வந்தால் உரிமையாளரைக் கேட்க முடியும்.

இவற்றிலிருந்து தெரிவது என்ன?

ஒன்று, காசு யாருக்குப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எல்லோருக்கும் பாதி விலை என்று அறிவித்தால், ஏற்கனவே ஆபரேஷன் செய்ய முடிவெடுத்து, கையில் காசும் வைத்திருப்பவர்தான் முதலில் வந்து நிற்பார். அவருக்கு மிச்சம், ஊருக்குப் பெரிய லாபம் இல்லை. மானியம் இல்லாவிட்டால் ஆபரேஷனே செய்யாத வீட்டைத் தேடிப் போய்ச் சேர்ந்தால்தான் குட்டிகள் குறையும். நியூ ஹாம்ப்ஷயர் செய்தது அதைத்தான். நம் ஊரில் யார் ஏழை என்று கண்டுபிடிக்கப் புதிதாக எதுவும் வேண்டாம், ரேஷன் கார்டு இருக்கிறது.

இரண்டு, பணம் நிற்காமல் வர வேண்டும். ஒரு வருஷம் முகாம் போட்டுப் போட்டோ எடுத்துவிட்டு, அடுத்த இரண்டு வருஷம் டெண்டர் தாமதம், நிதி இல்லை என்று விட்டால், முதல் வருஷச் செலவும் வீண். நாய்க்கு நிதியாண்டு தெரியாது. அதனால்தான் உரிமக் கட்டணம், உணவுக் கட்டணம் என்று தனி வருமானத்தைக் கட்டிவைக்கிறார்கள்.

மூன்று, மருத்துவர் வேண்டும். பணம் இருந்தும் ஆபரேஷன் செய்யப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரும் சுத்தமான தியேட்டரும் இல்லை என்றால் வேலை நடக்காது. எண்ணிக்கைக்காக அவசர அவசரமாகச் செய்தால் தையல் பிரியும், சீழ் பிடிக்கும். ஒரு தெருவில் ஒரு நாய் அப்படிச் செத்தால், அந்தத் தெருவில் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் தங்கள் நாயைக் கொடுக்க மாட்டார்கள்.

நான்கு, கருத்தடை மந்திரம் இல்லை. இன்று ஆபரேஷன் செய்த நாய் இன்றே மறையாது. அது வாழ்ந்து முடிக்கும் வரை தெருவில்தான் இருக்கும். பலன் கண்ணில் படச் சில ஆண்டுகள் ஆகும். கடியைக் குறைக்கத் தடுப்பூசியும் குப்பை மேலாண்மையும் கூடவே வேண்டும். குப்பைத் தொட்டி நிரம்பி வழியும் இடத்தில் நாய் குறையாது.

சென்னையில் இது சாத்தியமா?

அதற்கான அடித்தளத்தில் பாதி ஏற்கனவே இருக்கிறது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு 50 ரூபாய் கட்டணத்தில் ஆன்லைனில் உரிமம் தருகிறது. 2025 இறுதியில் மைக்ரோசிப்போடு கூடிய உரிமத்தைக் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அதற்காகச் சிறப்பு முகாம்கள் நடந்தபோது மாநகராட்சி மையங்களில் நாயோடு நீண்ட வரிசையில் மக்கள் நின்றார்கள். எந்த வீட்டில் என்ன நாய், பெட்டையா கடுவனா, தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒரு பதிவேடு உருவாகிறது.

அந்தப் பதிவேட்டில் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் இப்போதுபோலவே 50 ரூபாய். குட்டி போட வைத்து விற்பவர்களுக்கும், விலை உயர்ந்த நாயைக் கருத்தடை செய்யாமல் வைத்திருப்பவர்களுக்கும் கூடுதல் கட்டணம். அப்படி வரும் பணமும் அபராதப் பணமும் தனி நிதிக்கு. அந்த நிதியிலிருந்து ரேஷன் கார்டு காட்டும் குடும்பங்களின் நாய், பூனைகளுக்குக் கருத்தடை. இடம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. மாநகராட்சி மையங்கள், அரசு கால்நடை மருத்துவமனைகள், வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி எனப் பல இடங்கள் இருக்கின்றன.

ஆபத்தும் இதில் உண்டு. உரிமம், அபராதம் இரண்டையும் மட்டும் கடுமையாக்கி, மலிவான கருத்தடையைக் கொடுக்காமல் விட்டால், என்ன நடக்கும்? 5,000 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து, ஏழை வீட்டு நாய் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவுக்கு வரும். பதிவேட்டில் ஒரு நாய் குறையும், தெருவில் ஒன்று கூடும். அபராதத்தோடு கைகொடுக்கும் ஏற்பாடும் இருந்தால்தான் சட்டம் நோக்கத்தை எட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்கள் வீட்டு நாய், பூனைக்கு எப்போது கருத்தடை செய்யலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொதுவாக ஆறு மாத வயதை ஒட்டிச் சொல்வார்கள். பெரிய ரக நாய் என்றால் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லலாம்.

* தனியார் கிளினிக் கட்டணம் முடியாது என்றால், முதலில் பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில், அதாவது நம்ம 'மாட்டாஸ்பத்திரி'யில், விசாரியுங்கள். மாடு, ஆடு மட்டுமல்ல, நாய், பூனையும் அங்கே பார்ப்பார்கள்.

* ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று கேட்டு அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

* தெருவில் நீங்கள் சோறு போடும் நாய்க்குக் காதில் வெட்டு இல்லை என்றால் அது கருத்தடை ஆகாத நாயாக இருக்கலாம். மாநகராட்சியிடம் சொல்லுங்கள். உங்களை நம்பும் நாயைப் பிடித்துக் கொடுக்க உதவினால் பாதி வேலை முடிந்தது.

* நாய் கடித்தால், அது வீட்டு நாயே ஆனாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

* உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "நாய்க்கு லைசென்ஸ் எடுக்கச் சொல்றீங்க, சரி. ஆபரேஷனுக்கு எங்க போகணும், எவ்வளவு ஆகும்?"

அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வார்டிலும் ஒரு இடத்தின் பெயரும், தினக்கூலிக் குடும்பத்தால் கட்டக்கூடிய ஒரு தொகையும் பதிலாகக் கிடைத்தால், மார்க்கெட் ஓரத்து அட்டைப்பெட்டிகள் குறையத் தொடங்கும்.